மேசைத் துளையெந்திரம்: வீட்டுத் தச்சுவேலைக்கான தெரிவு

மேசைத் துளையெந்திரம் என்பது மரத்திலோ உலோகத்திலோ செங்குத்தாகத் துளையிடுவதற்கென வேலைமேசையின் மீது நிறுத்தி இயக்கப்படும் பொறியாகும். பட்டறைகளில் இது பெஞ்ச் டிரில்லிங் மெஷின் என்றே வழங்குகிறது. கனமான வார்ப்பிரும்பு அடித்தட்டு, அதில் ஊன்றிய உருளைத் தூண், தூணில் ஏற்றி இறக்கக்கூடிய பணித்தட்டு, உச்சியில் மோட்டாரையும் பெல்ட்டையும் தாங்கும் தலைப்பகுதி ஆகியன இதன் உறுப்புகள். தலைப்பகுதிக்குள் சுழலும் தண்டு ஸ்பிண்டில் எனப்படும். அதன் முனையிலுள்ள சக், துளையிடும் பிட்டைப் பற்றிக்கொள்ள, பக்கத்துக் கைப்பிடியைத் திருப்புகையில் ஸ்பிண்டில் நேர்கோட்டில் கீழிறங்குகிறது. முளை வைத்துப் பலகைகளை இணைப்பதிலும், ஒரே ஆழத்தில் பல குழிகள் எடுப்பதிலும் கைடிரில்லால் எளிதில் எட்ட முடியாத ஒழுங்கு இவ்வெந்திரத்தில் தானாகவே அமைகிறது.

குறைந்த பணத்தில் வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது, எந்திரத்தின் மீது பொறித்திருக்கும் அளவு பெரும்பாலும் இரும்பு வேலையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்பதாகும். இந்தியச் சந்தையில் 13 மி.மீ., 20 மி.மீ., 25 மி.மீ. என்று குறிப்பது எஃகில் போடக்கூடிய துளையின் உச்ச அளவையே காட்டும். பலகையின் ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே துளையிடலாம் என்பதை அது சொல்வதில்லை. அமெரிக்க வழக்கில் 8 அங்குலம், 10 அங்குலம் எனக் குறிப்பது தூணுக்கும் ஸ்பிண்டில் மையத்துக்கும் உள்ள இடைவெளியின் இருமடங்காதலால், 8 அங்குல எந்திரம் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 100 மி.மீ. வரையே எட்டும். ஆகவே கடையிலேயே டேப் வைத்து இந்த இடைவெளியையும் ஸ்பிண்டில் இறங்கும் தூரத்தையும் அளந்துகொள்வது நல்லது. சிறிய எந்திரங்களில் பின்னது 50 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுவதால், மேசைக்கால் போன்ற தடித்த கட்டையை ஒரே இறக்கத்தில் துளைத்துவிட இயலாது.

வாங்குவோர் பலர் மோட்டாரின் குதிரைத்திறனையே முதலில் கேட்கின்றனர். மரவேலைக்கோ எந்திரத்தின் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். பிட்டின் விளிம்பு நிமிடத்துக்குக் கடக்கும் தூரம் அதன் சுற்றளவையும் சுழலும் எண்ணிக்கையையும் பொறுத்தது. 6 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுழன்றால் அதன் விளிம்பு சுமார் 53 மீட்டர் கடக்கிறது. அலமாரிக் கதவின் ஆட்டோ ஹிஞ்சுக்குக் குழியெடுக்கும் 35 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட், அதாவது வட்ட விளிம்பால் வெட்டித் தட்டையான அடியுள்ள குழியைத் தரும் பிட், அதே வேகத்தில் சுழன்றால் 308 மீட்டர் கடந்து, மரத்தைக் கருக்கித் தன் கூர்மையையும் இழந்துவிடும். அதையே 500 சுற்றுக்கு இறக்கினால் விளிம்பு வேகம் 55 மீட்டராகத் தணிகிறது. குழியின் சுவரில் கருவளையம் தெரிந்தால் வேகம் மிகுந்தது, அல்லது பிட் மழுங்கியது என்று கொள்ளலாம்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்கும் சாதாரண நான்கு துருவ இன்டக்‌ஷன் மோட்டார் ஏறத்தாழ 1,440 சுற்றுச் சுழலும். படிப்படியான புல்லிகளில் பெல்ட்டை மாற்றி அதை மூன்றில் ஒன்றாக்கினால் 480 கிடைக்கும். பெல்ட்டால் வேகத்தைக் குறைக்கும்போது திருப்புவிசை கூடுகிறது. மின்னணுக் குமிழால் குறைக்கும் மலிவான எந்திரங்களிலோ அவ்வாறு கூடுவதில்லை. அரைக் குதிரைத்திறன், அதாவது 373 வாட், மோட்டாரே தகுந்த பெல்ட் அமைப்புடன் வீட்டு வேலைக்குப் போதுமானதாவது இதனால்தான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்பிண்டில் பணித்தட்டுக்குச் சரியான செங்குத்தில் உள்ளதா என்பது. ஒரு பாகை சாய்வு, 50 மி.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 0.9 மி.மீ. விலகலாகிவிடும். முளைப் பொருத்து சேராமல் போவதற்கு அது போதும். இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, தடித்த கம்பியொன்றை வளைத்துச் சக்கில் மாட்டி, அதன் முனை பணித்தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு வைத்துக் கையால் சுற்றினால், இடைவெளி எந்தப் பக்கம் விரிகிறது என்பது கண்ணுக்கே தெரியும். இடவலச் சாய்வைத் தட்டின் அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்தித் திருத்தலாம். முன்பின் சாய்வுக்குப் பெரும்பாலும் தகடு செருகுவதைத் தவிர வழியில்லை. ஸ்பிண்டிலை முழுதும் இறக்கிச் சக்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பதும் இன்றியமையாதது. அங்கே தெரியும் ஆட்டத்தை வாங்கிய பின் நீக்குவது கடினம் என்பதால், அத்தகைய எந்திரத்தை விலை எவ்வளவு மலிவாயினும் தவிர்க்க வேண்டும்.

பழைய பட்டறை எந்திரம் கிடைத்தால் அதன் கனமும் உறுதியும் பெரும் பேறு. பேரிங்கும் பெல்ட்டும் எளிதில் மாற்றக்கூடியவை. ஆயினும் மோட்டார் மூன்று ஃபேஸில் இயங்குவதாயின் ஒற்றை ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் அதை மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். புதிய எந்திரங்களும் சில வேளை மோட்டார் இன்றியே விலை சொல்லப்படுகின்றன. கைடிரில்லைப் பொருத்தும் ஸ்டாண்டு மிக மலிவானதெனினும், அழுத்தும்போது நெகிழ்ந்துவிடுவதால் நுட்ப வேலைக்கு உதவாது. லேசர் ஒளியும் எண்காட்டியும் கொண்ட எந்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல பிட்டுகளும், பணித்தட்டின் மேல் பொருத்த ஒரு பிளைவுட் பலகையும், நேரான தடுப்புக் கட்டையும் வாங்குவதே சிறந்தது. துளையின் அடியில் கழிவுப் பலகை வைத்தால் மறுபுறம் சிம்பு பிய்வதில்லை.

பிட் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்வதால், அது மரத்தில் சிக்கும்போது கட்டையையும் அதே திசையில் வீச முயலும். நீண்ட கட்டையின் இடப்பக்கத்தைத் தூணின் இடப்புறத்தில் அணைத்து வைத்தால் தூணே அதைத் தடுத்துவிடும். குட்டையான கட்டையைக் கிளாம்ப் போட்டே இறுக்க வேண்டும். கையுறை, தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் சக்கின் அருகே வரக் கூடாது. சக் பல எந்திரங்களில் கூம்பு வடிவப் பொருத்தில் இறுக்கத்தால் மட்டுமே நிற்பதால், பக்கவாட்டில் அழுத்தி மரத்தைக் குடையும் ரவுட்டர் வேலைக்கு இவ்வெந்திரத்தைப் பயன்படுத்தினால் சக் கழன்று விழக்கூடும்.