படைப்பு சோதனைச்சாலையா?

'ஆண்டவர் ஏன் நம்மைச் சோதிக்கிறார்?' எனத் துன்புறுவோர் கேட்கும் வினாவை அறிவியல் புனைகதைகளும் எழுப்பியுள்ளன. 1818-இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் புதினத்தில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், தான் உயிரூட்டிய உருவம் கண்விழித்ததும் அருவருத்து ஓடுகிறான். 1937-இல் ஓலாஃப் ஸ்டேப்பிள்டன் எழுதிய 'ஸ்டார் மேக்கர்' புதினத்திலோ, படைப்பவன் அண்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வனைந்து, அவற்றின் துயரைச் சலனமின்றி நோக்குகிறான். தியடோர் ஸ்டர்ஜனின் 1941-ஆம் ஆண்டுச் சிறுகதையில் கிட்டர் என்னும் அறிவியலாளன், தான் உருவாக்கிய அறிவுள்ள சிற்றுயிர்களை நெருக்கடிக்கு உள்ளாக்கி, பணியாதவற்றை அழித்து, கண்டுபிடிப்புகளைப் பெறுகிறான்.

மூவரிடமும் ஆற்றல் உண்டு. படைப்போடு சேர்ந்து துன்புறும் அன்பு இல்லை. நாம் விசுவசிக்கும் இறைவனோ வெளியே நின்று சோதித்தவர் அல்லர். மனுவுருவாகி, சோதனைக்குள் தாமே புகுந்து, சிலுவையில் மரித்தவர். துன்புறுவோரின் வினாவுக்கு முழுவிடை நம்மிடம் இல்லை. ஆயினும் அவர்கள் தனித்து விடப்படவில்லை என்பதற்கு நாம் சான்று பகர்வோமாக.