ஜியோகேச்சிங் வழித்திட்டம்

ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் வெளிப்புற விளையாட்டு ஜியோகேச்சிங். கண்டுபிடித்தவர் பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஒரே நாளில் பல பெட்டிகளைத் தேடப் போகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த வரிசையில் நடப்பது, எதை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது வழித்திட்டம் எனப்படும். கையடக்க ஜிபிஎஸ் கருவி அடுத்த பெட்டிக்கு உள்ள நேர்கோட்டுத் தூரத்தைத்தான் காட்டும். இடையில் ஆறோ சதுப்போ செங்குத்தான சரிவோ இருப்பது அந்த எண்ணில் தெரியாது. அதனால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிட்டு வகுக்கும் திட்டமே களத்தில் கைகொடுக்கும்.

தோற்றம்

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை, 2000 மே மாதம் முதல் நாள் நள்ளிரவோடு நிறுத்தப்பட்டது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிக் காட்டிய கருவிகள், ஒரே இரவில் 20 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கின. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். அதை முதலில் கண்டெடுத்தவர் மைக் டீக். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இந்த விளையாட்டுக்கென்று ஒரு இணையதளத்தைத் தொடங்கினார். பெட்டிகளின் பட்டியலை இன்றும் பெரும்பாலோர் அங்கிருந்தே எடுக்கிறார்கள்.

பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. கண்டுபிடிப்பதன் கடினத்துக்கு ஒன்று, நிலப்பரப்பின் கடினத்துக்கு இன்னொன்று. இரண்டும் 1 முதல் 5 வரை. பல நிறுத்தங்கள் கொண்ட நாளுக்கு இரண்டும் தாழ்வாக இருக்கும் பெட்டிகளே ஏற்றவை. கடினம் 4 உள்ள ஒரே பெட்டி பாதி நாளை விழுங்கிவிடும். எண்களின் இடத்திலேயே பெட்டி இருக்கும் சாதாரண வகையைத் திட்டத்தின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ள வேண்டும். புதிர் வகையை வீட்டிலேயே விடுவித்து, கிடைத்த இறுதி எண்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டால் அதுவும் சாதாரணப் பெட்டியாகிவிடும். பல கட்ட வகையைச் சேர்க்கும்போது கவனம் தேவை. முதல் கட்டத்தை அடைந்த பிறகுதான் அடுத்தது எங்கே என்று தெரியும் என்பதால், அது வரிசையையே குலைக்கக்கூடும். கடைசியாகத் தேடிப் போனவர்களின் பதிவுகளையும் படித்துவிட வேண்டும். தொடர்ந்து மூன்று நான்கு பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பெட்டி அங்கே இல்லாமலே போயிருக்கலாம்.

தேர்ந்தெடுத்த பெட்டிகளை ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கிக் கருவியில் ஏற்றுவது வழக்கம். கையால் எண்களை உள்ளிடுவோர் இரண்டு அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, எண்களை எழுதும் வடிவம். இந்த விளையாட்டில் இடங்கள் டிகிரியிலும், மூன்று தசம இடங்கள் கொண்ட நிமிடத்திலும் எழுதப்படுகின்றன. அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் சுமார் 1.85 மீட்டர் நகரும். நிமிடம், விநாடி என்று தவறாகப் படித்துவிட்டால் பிழை நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் போய்விடும். இரண்டாவது, ஆதாரத்தளம்; அதாவது, எண்கள் எந்த நில அளவை முறையைச் சார்ந்தவை என்பது. அது டபிள்யூஜிஎஸ் 84 ஆக இருக்க வேண்டும். பிரிட்டனின் பழைய நில அளவை முறையில் கருவியை விட்டுவைத்து இந்த எண்களை உள்ளிட்டால், இடம் 100 மீட்டரளவு தள்ளிப்போகும்.

வரிசை

இது கணிதத்தில் பயண விற்பனையாளர் சிக்கல் என்று அறியப்படும் பழைய கேள்விதான். வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்கி 10 பெட்டிகளைத் தொட்டுத் திரும்பும் சுற்றுகள், திசையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 18,14,400. கணினிக்கு இது பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் மலையடிவாரத்தில் வரைபடத்தை விரித்து நிற்பவருக்கு வேறு வழி வேண்டும். எப்போதும் அருகில் உள்ள பெட்டிக்கே போவது என்ற முறை எளிது; கருவிகளும் பெட்டிகளை அருகாமை வரிசையிலேயே பட்டியலிடுகின்றன. அதன் குறை மாலையில்தான் தெரியும். மூலையில் விடுபட்ட ஒரு பெட்டி, எல்லாம் முடிந்த பிறகு, வந்த தூரமெல்லாம் திரும்ப நடக்க வைக்கும்.

காகிதத்தில் செய்யக்கூடிய மேலான முறை ஒன்று உண்டு. பெட்டிகளைப் புள்ளிகளாகக் குறித்து ஒரு சுற்றை வரைந்துகொண்டு, கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களைத் தேட வேண்டும். சமதளத்தில் மிகக் குறுகிய சுற்று தன்னைத்தானே வெட்டாது. ஆகவே வெட்டும் இரண்டு கோடுகளை நீக்கி, நான்கு முனைகளையும் வெட்டாதபடி இணைத்தால் சுற்று குறுகும். இதை வரிசைமாற்ற முறையாக ஜி. ஏ. குரோஸ் 1958இல் வெளியிட்டார். நாலைந்து திருத்தங்களிலேயே நல்ல சுற்று கிடைத்துவிடும்.

டார்ட்மூர்: நேர்கோடு உதவாத நிலம்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில் உள்ள டார்ட்மூர் 954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா. கருங்கல் குன்றுகளும், கரிச் சேறு மூடிய திறந்த புல்வெளிகளும் கலந்த மேட்டுநிலம் அது. உயரமான இடம் 621 மீட்டர். பெட்டி தேடும் பழக்கம் இங்கே ஜிபிஎஸ்ஸுக்கு முன்பே இருந்தது. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில், வந்துபோவோர் தம் அட்டைகளை இட்டுவைக்க ஒரு புட்டியை வைத்தார். அதிலிருந்து லெட்டர்பாக்ஸிங் என்ற பெட்டி தேடும் பழக்கம் வளர்ந்தது.

இந்த நிலத்தின் தெற்குப் பகுதியில் பிரின்ஸ்டவுன் ஊருக்கு அருகே ஃபாக்ஸ் டார் மயர்ஸ் என்ற சதுப்பு இருக்கிறது. வடகரையில் வைட்வொர்க்ஸ் என்ற பழைய வெள்ளீயச் சுரங்கம்; தென்கரையில் சைல்ட்ஸ் டூம்ப் என்ற கற்சிலுவை. இந்த இரண்டு இடங்களிலும் தலா ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கருவியின் அம்பு சதுப்பின் குறுக்கே நீட்டிக்கொண்டு சுமார் ஒன்றரை கிலோமீட்டர் என்று காட்டும். அரை மணி நேர நடை என்று தோன்றும். உண்மையில் கால் வைத்த இடமெல்லாம் அமிழும் நிலம் அது. மழைக்குப் பிறகு உள்ளூர்க்காரர்களும் குறுக்கே போவதில்லை. வைட்வொர்க்ஸிலிருந்து டெவன்போர்ட் வாய்க்காலின் கரையோரமாக மேற்கே நன்ஸ் கிராஸ் வரை போய், அங்கிருந்து சதுப்பின் தென்விளிம்பைப் பிடித்துக் கிழக்கே வருவதுதான் வழி. அது இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆகவே இந்த இரண்டு பெட்டிகளையும் அடுத்தடுத்து வைப்பதைவிட, நன்ஸ் கிராஸ் பக்கத்துப் பெட்டிகளை இடையில் சேர்த்துச் சுற்றாக்குவதே சிக்கனம். வழியிலுள்ள திருப்பத்தையும் ஒரு வேபாயின்ட்டாக, அதாவது வழிப்புள்ளியாக, கருவியில் இட்டுவிட்டால், அம்பு சதுப்பைக் காட்டாமல் வாய்க்கால் கரையைக் காட்டும்.

வடக்குப் பகுதியில் தடை வேறு வகை. ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வர்தி ஆகிய மூன்றும் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிக் களங்கள். பயிற்சி நாட்களில் பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் ஏற்றப்படும். உள்ளே போகக் கூடாது. பயிற்சி நேரங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், நாளைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும். கிரான்மியர் பூலும் இந்த எல்லைக்குள் அடங்கும்.

நேரக் கணக்கு

மலைநடைக்கு வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏற்றத்தில் 600 மீட்டருக்கு இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் சுற்று, 450 மீட்டர் ஏற்றம் என்றால் நடைக்கு மட்டும் 3 மணி 9 நிமிடம். 10 பெட்டிகளுக்குத் தலா 10 நிமிடத் தேடல் சேர்ந்தால் 4 மணி 49 நிமிடம். டிசம்பரில் டார்ட்மூரில் பகல் ஏறத்தாழ 8 மணி நேரமே. சாப்பாடு, வண்டிப் பயணம், சேறு என்று கழித்தால் மிச்சம் அதிகம் இல்லை. ஏற்றத்தை முதல் பாதியில் முடித்துக்கொள்வது நல்லது. பாதியில் விட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பக்கூடிய ஓர் இடத்தையும் சுற்றின் நடுவே வைத்திருக்க வேண்டும்.

நெடுஞ்சாலைப் பெட்டித் தொடர்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. இரண்டு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 375ஆம் நெடுஞ்சாலையோரம் அந்த இடைவெளியை ஒட்டியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. அங்கே வரிசையைச் சாலையே தந்துவிடுகிறது. திட்டமிட வேண்டியது யார் ஓட்டுவது, யார் இறங்குவது, எரிபொருள் எங்கே நிரப்புவது என்பதைத்தான்.

கருவியை அமைத்தல்

பெட்டிகளின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று வரிசை எண் சேர்த்தால் திரையில் தேட வேண்டியதில்லை. வண்டி நிறுத்திய இடத்தை இறங்கியவுடன் குறித்துக்கொள்ள வேண்டும். பல புள்ளிகளை ஒரே ரூட்டாக ஏற்றும்போது, அடுத்த புள்ளிக்குத் தாவுவதைத் தானியங்கியாக விடாமல் கையால் மாற்றும்படி வைத்துக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் பெட்டியின் அருகே போன உடனேயே, தேடி முடிப்பதற்குள், அம்பு அடுத்த பெட்டியை நோக்கித் திரும்பிவிடும். காந்தத் திசைகாட்டி இல்லாத கருவியில் நின்ற நிலையில் அம்பை நம்பக் கூடாது; நடந்தால்தான் அதற்குத் திசை தெரியும். திசைகாட்டி உள்ள கருவியை, பேட்டரி மாற்றியவுடன் சமன்செய்துகொள்ள வேண்டும். கடைசிப் பத்து மீட்டரில் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கல்லிடுக்கு, வேரடி, வேலிக்கம்பம் என்று கண்ணால் தேடுவது வேகமானது. மர நிழலிலும் பாறைச் சுவரோரமும் சமிக்ஞை எதிரொலித்து வருவதால் அந்தத் தூரத்தில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும்.

சில கருவிகள் இரண்டு ஏஏ பேட்டரிகளில் 16 முதல் 25 மணி நேரம் ஓடும். குளிரில் அது குறையும். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்க வேண்டும். கருவி பதிவுசெய்யும் நடைத்தடத்தைச் சேமித்து வைத்தால், கிலோமீட்டருக்கு உண்மையில் எத்தனை நிமிடம் ஆனது என்று தெரியும். அந்த எண்ணை நைஸ்மித் விதியின் இடத்தில் வைத்து அடுத்த சுற்றைக் கணக்கிடலாம்.