செம்புல நீரும் சாய நீரும்

தமிழ்ப் புலவர் சிலரின் இயற்பெயர்களைக் காலம் கவர்ந்துகொண்டது. அவர்தம் உவமைகளை அதனால் கவர இயலவில்லை. சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தோர், பெயர் தெரியாத புலவர்களை அவர்கள் ஆண்ட தொடராலேயே வழங்கினர். செம்புலப்பெயனீரார், மீனெறிதூண்டிலார், விட்டகுதிரையார், ஓரேருழவனார் என்போர் அவ்வாறு பெயர் பெற்றவர்கள். உவமையை வெறும் அழகாகக் கருதிய ஒரு சமுதாயம் அதனை ஒருவர்க்குப் பெயராகச் சூட்டியிராது. உவமை எதன்மேல் நிற்கிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இலக்கணம் காட்டும் நெறி

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உவமவியல் எனத் தனி இயலே வகுத்தார். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக உவமை தோன்றும் என்பது அவர் கொள்கை. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இவற்றினும் நுண்ணியது உள்ளுறை உவமம். அதில் ஒப்புமைச் சொல் இராது. கூறப்படும் பொருளும் வெளிப்படையாக இராது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களைக் கூறிய அளவில், கேட்போர் உள்ளத்தில் மற்றொரு பொருள் விளங்கும்.

தெய்வத்தை விலக்கி மரத்தையும் விலங்கையும் நீரையும் கொண்டமை ஓர் உண்மையை உணர்த்துகிறது. பேசுவோரும் கேட்போரும் ஒரே நிலத்தை அறிந்திருந்தால் அன்றி உள்ளுறை பிறவாது. வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவிய தண்டியலங்காரம் முப்பத்தைந்து பொருளணிகளைப் பிற்காலத்தில் வகுத்தது. அணிகளின் எண்ணிக்கை பெருகியது. உள்ளுறைக்கு அடிப்படையான நிலவுறவு அணியிலக்கணத்தின் மையத்தில் இடம்பெறவில்லை.

கொங்கின் கதைமரபு

கொங்குநாடு நெடுங்கதைக்குப் பழைய இருப்பிடம். விசயமங்கலத்துக் கொங்குவேளிர் வத்தவ நாட்டு உதயணன் கதையை அகவற்பாவில் பெருங்கதையாக்கினார். முதலும் இறுதியும் சிதைந்து கிடைத்த அந்நூலை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். ஏட்டுக்கு வெளியே, அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டாக ஊர்தோறும் வாழ்ந்தது. கொம்பன் என்னும் பெரும்பன்றியை எதிர்க்கச் சிறு நாயாகிய பொன்னாச்சி துணைநிற்கும் நிகழ்ச்சிக்குக் கேட்போர் விளக்கம் வேண்டார். எளியோர் வலிமை என்னும் உட்பொருளை அவர்களே கண்டுகொள்வர்.

கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942இல் நாகம்மாள் நாவலை வெளியிட்டார். கணவனை இழந்தவள் தனக்குரிய நிலப் பங்கைக் கேட்பதே அதன் கரு. அங்கே நிலம் பின்புலம் மட்டும் அன்று. உரிமைக்கும் தனிமைக்கும் பகைக்கும் குறியீடாகக் கதை முழுதும் நிற்கிறது. கொங்குப் பேச்சுமொழி அதற்கு உயிர் தந்தது. பழைய கருப்பொருள் புதிய உரைநடையில் புகுந்த இடம் இது எனலாம்.

நிறம் மாறிய நீர்

நிலம் மாறும்போது உவமைக்கு நேர்வது என்ன? இதற்கு நொய்யல் ஆறு விடை தருகிறது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர, சாயப்பட்டறைக் கழிவு அவ்வாற்றில் கலந்தது. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. 1998இல் சுப்ரபாரதிமணியன் சாயத்திரை என்னும் நாவலை வெளியிட்டார். திரை என்பது அலையையும் மறைக்கும் சீலையையும் குறிக்கும். ஆற்றில் எழும் அலையும் வளத்தின் முன் தொங்கும் சீலையும் அத்தலைப்பில் ஒருங்கே தோன்றுகின்றன. சாயம் வெளுத்தல் என்னும் மக்கள் வழக்கும் உடன் நினைவுக்கு வரும். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. வழக்குமன்றம் கழிவின் அளவைக் கேட்டது. நாவல் அதனோடு வாழ்ந்தோரின் நிலையைக் கேட்டது.

செம்புலப்பெயனீரார் கண்டதும் நிறம் மாறிய நீரே. செம்மண்ணில் விழுந்த மழை அம்மண்ணின் நிறம் கொள்வது, முன்பின் அறியாத இரு நெஞ்சங்கள் பிரிக்கவொண்ணாது கலத்தற்கு உவமையாயிற்று. நொய்யலிலும் நீர் நிறம் கொண்டது, பிரிக்கவும் அரிதாயிற்று. வினையும் உருவும் ஒன்றே. பயன் மட்டும் தலைகீழாயிற்று. அன்று அன்பு, இன்று கேடு. தொல்காப்பியர் பயனைத் தனியே பிரித்து வைத்ததன் அருமை இங்கே விளங்கும்.

சங்கப் புலவர் பாடிய ஆன்பொருநையே அமராவதி என்பர் அறிஞர். 1957இல் எழுந்த அணையின் அடியில் அமைந்த அமராவதி நகரில் அதன் நீர் தெளிவாகவே புறப்படுகிறது. கரூர்ப் பகுதியை அடையும்போது சாயக்கழிவின் தீண்டலுக்கு அதுவும் உள்ளாகியது. தெளிந்த ஆற்றைக் காணாத தலைமுறைக்குச் செம்புல நீர் உரையாசிரியர் துணைகொண்டு அறியும் செய்தியாகிவிடும். உணரும் உவமை ஆகாது. ஆறு அழிந்தால் மீனும் வயலும் மட்டும் அழிவதில்லை. ஒரு மொழியின் உள்ளுறையும் உடன் அழிகிறது. ஆகவே ஆற்றங்கரைக் கவிஞர், இரவல் நிலவையும் இரவல் தாமரையையும் விடுத்து, தம் கண்முன் ஓடும் நீர் எந்நிறமோ அந்நிறத்தையே பாடுதல் வேண்டும். நிலத்துக்கு உண்மையாய் நிற்கும் உவமையே புலவரின் பெயர் மறைந்த பின்னும் நிற்கும்.