கடல் கனவில வந்தா

கனவில் கடலைக் கண்டால் என்ன பலன்? இப்னு சீரீன் பேரில் உலவுகிற கனவு விளக்கப் புத்தகங்களில் தேடினால் 'அரசன், அதிகாரம்' எண்டு இருக்கும். மருதமுனையில இந்தப் பதிலை வச்சிக்கொண்டு என்ன செய்யிற? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இங்க கனவில வாற கடல் கடல்தான்.

பஸ்ராவில் வாழ்ந்த இப்னு சீரீன் ஹிஜ்ரி 110இல் மௌத்தானவர். அவர் பேரில் அச்சாகிற நூல்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டவை என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு. அது ஒருபக்கம் இருக்கட்டும். அந்த நூல்கள் எல்லாமே விடிஞ்ச பிறகு கேட்கிற கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: கண்டதுக்கு என்ன அர்த்தம்? சிலப்பதிகாரத்தில் கண்ணகி தேவந்தியிடம் தன் கனவைச் சொல்லும்போதும் அது வரப்போகிற துன்பத்தின் அறிகுறிதான். கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே காண்கிறவரால் ஏதும் செய்ய முடியுமா எண்ட கேள்வி அங்கே எழவே இல்லை.

ஆனால் கெட்ட கனவுக்கு எங்கட மரபு விளக்கம் தேடச் சொல்லவில்லை. இடப்பக்கம் மூன்று தரம் மெல்லத் துப்பி, அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, மறுபக்கம் திரும்பிப் படு, யாருக்கும் சொல்லாதே என்கிறது ஹதீஸ். எங்கட உம்மாமார் இன்னும் அதைத்தான் சொல்றாங்க. அர்த்தத்தை விட்டுட்டு ஒரு செயலைக் கையில் தருகிற வழி அது.

இந்த வரலாற்றில் எங்களை அதிகம் நிறுத்தி வைத்தவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில், தூங்கப்போகுமுன் மனசை ஒருமுகப்படுத்திச் சில சொற்களைச் சொல்லி, தன் தேவையை நினைத்துக்கொண்டு படுக்கிற ஒரு முறையைக் குறிப்பிடுகிறார். தானே அதைச் செய்து பார்த்ததாகவும், தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பிய சிலதை அப்படி அறிந்ததாகவும் சொல்கிறார். உடனேயே ஒரு கடிவாளமும் போடுகிறார்: அந்தச் சொற்கள் கனவை உண்டாக்காது, மனசைத் தயார்படுத்த மட்டுமே செய்யும். அறுநூறு வருசத்துக்கு முந்திய ஆள் இவ்வளவு கவனமாப் பேசுறது ஆச்சரியம்தான். இது 'நான் இப்ப கனவு காண்கிறேன்' என்று உள்ளே இருந்தே அறிகிற தெளிகனவு இல்லை. அதுக்குப் பக்கத்து வீடு.

தெளிகனவை அரிஸ்டாட்டிலே கவனித்திருக்கிறார். நிரூபணம் வந்தது 1975 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில். கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் செயலிழந்து கிடக்கும், கண் மட்டும் அசையும். அலன் வோர்ஸ்லி என்பவர் கனவுக்குள்ளிருந்து, முன்பே பேசிக்கொண்டபடி கண்ணை இடமும் வலமும் அசைக்க, கீத் ஹேர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார். 1981இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீஃபன் லபேர்ஜ் தனியாக அதே முடிவை வெளியிட்டார். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்க, தூங்குகிறவர் கண்ணாலேயே இரண்டு என்று பதில் சொன்னார்.

லபேர்ஜின் முறைகளில் ஒன்று, நாலைந்து மணித்தியாலம் தூங்கி எழும்பி, கொஞ்சம் விழித்திருந்து, திரும்பப் படுப்பது. வாசிச்சதும் சிரிச்சிட்டோம். நோன்பு காலத்தில் சஹர் செஞ்சு, சுபஹ் தொழுது, திரும்பப் படுக்கிற தூக்கம் இதுதானே! விடியப்புறத் தூக்கத்தில்தான் கனவும் அதிகம். எங்களில் மூணு பேருக்கு 'அட, இது கனவு' எண்டு முதல்தரம் தெரிஞ்சது நோன்பில்தான். ரெண்டு பேர் பறக்கப் பார்த்தாங்க, உடனே முழிப்பு வந்திட்டு. இன்னொருத்தருக்குப் பேய் அமுக்கினமாதிரி உடம்பு அசையாமப் போய், அதோட விட்டிட்டார். தூக்கம் ஏற்கனவே குழம்பியிருக்கிறவங்க இதைத் தொடாம இருக்கிறது நல்லம்.

சுனாமி நாள் எங்களில் யாருக்கும் சரியா ஞாபகமில்லை. சில பேர் தொட்டிலில், சில பேர் பிறக்கவே இல்லை. எண்டாலும் உம்மாமாரின் கதை வழியா அந்தக் கடல் எங்கட தூக்கத்துக்கும் வந்திட்டு. எங்களில் ஒருத்திக்கு அது அடிக்கடி வரும். போன நோன்பில், தண்ணி சத்தமே இல்லாம வாறதைக் கண்டு, உம்மா சொன்ன கடல் இரைஞ்சுகொண்டல்லவா வந்தது எண்டு யோசிச்சிருக்கிறா. அதில விளங்கிட்டு. தண்ணியை நிப்பாட்ட ஏலாமப் போச்சாம். ஓடாம, வாசலிலேயே நிண்டு பார்த்தாவாம். அந்தக் கனவு பிறகும் ரெண்டு தரம் வந்திருக்கு.