உறைந்த மரக்கறியும் ஊவாவின் தேயிலை அறிவும்: நொதியம், பனி, அறுபடாத குளிர்

1. ஆய்வின் பொருள்

வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் விளையும் போஞ்சியும் கரட்டும் கோவாவும் தக்காளியும் கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் குவிந்து, அங்கிருந்து லொறியேறுகின்றன. தோட்டங்களில் லயத்தைச் சுற்றியுள்ள பாத்திகளின் விளைச்சலும் சிறு மூட்டைகளாக இதே வழியில் சேர்கிறது. விலை நன்றாக இருந்தால் எல்லாம் போகும். விலை விழுந்தால் கூலிக்கும் கட்டாத கோவா வயலிலேயே அழுகும். இலங்கையில் அறுவடைக்குப் பின் மரக்கறியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீணாவதாக ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. சுப்பர் மார்க்கட்டின் குளிர்ப்பெட்டியிலோ பச்சைப்பட்டாணியும் கரட்டும் சோளமும் கலந்த உறைந்த பொதி வருடம் முழுவதும் கிடைக்கிறது.

அந்தப் பொதி எப்படித் தயாராகிறது என்பதை இக்கட்டுரை படிமுறையாக விளக்குகிறது. அத்தயாரிப்பின் அச்சாணியான நொதியக் கட்டுப்பாடு ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு நூறாண்டுக்கு மேலாகப் பழகிய கலை என்பதும், இங்கு வலுவற்றிருப்பது குளிரின் தொடர்ச்சியே என்பதும் இதன் வாதம்.

2. தேயிலை ஸ்டோரில் நடப்பது

கொழுந்து ஸ்டோருக்கு வந்ததும் இரவு முழுவதும் வாட்டப்படுகிறது. பின்பு ரோலரில் அரைபடும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியமும் கற்றெக்கின்களும் ஒட்சிசனோடு கலக்கின்றன. பச்சை இலை செம்புநிறமாகிறது, மணம் பிறக்கிறது. வேண்டிய கட்டம் வந்ததும் டிரையரின் சூடு நொதியத்தைச் செயலிழக்கச் செய்து, ஈரப்பதத்தை ஏறத்தாழ 3 வீதத்துக்கு இறக்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரையான வரண்ட காற்றில் ஊவாத் தேயிலை பெறும் தனி மணத்துக்கும் இந்த நேரக் கணக்குத் தவறாமல் இருக்க வேண்டும்.

பச்சைத் தேயிலையில் ஒழுங்கு தலைகீழாகிறது. இலை வந்தவுடன் ஆவியோ சூடான சட்டியோ நொதியத்தை அடக்கிவிடுவதால் பச்சை நிறம் நிலைக்கிறது. உறைந்த மரக்கறி இந்த இரண்டாம் முறையைச் சேர்ந்தது. போஞ்சியிலும் பட்டாணியிலும் பெரொட்சிடேசு, லிப்பொட்சிசனேசு முதலிய நொதியங்கள் உள்ளன. குளிர் அவற்றை மந்தப்படுத்துமே தவிர அழிக்காது. ரோலர் வேண்டுமென்று செய்யும் கல உடைப்பைப் பனிப்பளிங்குகள் வேண்டாமலே செய்கின்றன. ஆகவே சூடு காட்டாமல் உறையவைத்த போஞ்சி சில வாரங்களில் காய்ந்த வைக்கோல் வாடை பெறுகிறது, நிறமும் மங்குகிறது.

3. முதற்படி: வெந்நீர்

தொழிற்சாலையில் மரக்கறி கழுவி, தரம் பிரித்து, நறுக்கப்பட்டபின் 90 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரிலோ ஆவியிலோ குறுகிய நேரம் விடப்படுகிறது. பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், போஞ்சிக்கு மூன்று நிமிடம் என்பது பொதுவான அளவு. நேரம் குறைந்தால் தீங்கு இரட்டிக்கும். கலம் உடைந்திருக்கும், நொதியமோ உயிரோடிருக்கும். நேரம் கூடினால் விற்றமின் சி நீரில் கரைந்துபோகும், காயும் தளரும். சூடு கண்ட மரக்கறி உடனே குளிர்நீரில் இறங்க வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும்.

இதில் மலைநாட்டுக்கெனத் தனிக் கணக்கு ஒன்றுண்டு. உயரம் ஏறத்தாழ 300 மீற்றர் கூடும்போது நீரின் கொதிநிலை 1 பாகை குறைகிறது. சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் நீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும். கொழும்பில் சரியாக வந்த நேர அட்டவணையை அப்படியே இங்கு கொண்டுவந்தால் போஞ்சி போதிய சூடு பெறாது. வீட்டில் உறையவைப்போருக்கான அமெரிக்க வழிகாட்டிகள் 5,000 அடிக்கு மேல் ஒரு நிமிடம் கூட்டச் சொல்கின்றன. அப்புத்தளை அந்த எல்லைக்குச் சற்றுத்தான் கீழே.

போதிய சூடு பட்டதா என அறியும் சோதனை எளியது. சூடு காட்டிய போஞ்சியை நீளவாக்கில் கீறி, வெட்டுமுகத்தில் குவாயக்கோல் கரைசலையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் சில துளிகள் விட வேண்டும். பெரொட்சிடேசு உயிரோடிருந்தால் சிறிது நேரத்தில் செங்கபில நிறம் படரும். முதலில் சிவப்பது பெரும்பாலும் நடுப்பகுதி, சூடு கடைசியாகச் சென்றடையும் இடம் அதுதான். வெப்பத்தை நன்கு தாங்கும் இந்த நொதியமே அடங்கிவிட்டதென்றால் மற்றவை முன்னரே அடங்கியிருக்கும் என்பதால் இது அளவுகோலாகிறது.

4. இரண்டாம் படி: விரைந்த பனி

மரக்கறியின் நீரில் பெரும்பகுதி −1 முதல் −5 பாகைக்குள் பனியாகிறது. இந்த எல்லையை மெல்லக் கடந்தால் சில பளிங்குகள் பெரிதாக வளர்ந்து கலச்சுவரைக் கிழிக்கும். விரைந்து கடந்தால் எண்ணற்ற சிறு பளிங்குகள் உருவாகி, கலம் பெருமளவு தப்பும். வீட்டுப் பிரிட்ஜில் உறையவைத்த தக்காளி உருகும்போது நீர் விட்டுத் தளர்வது முதல் வகை.

அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ (Clarence Birdseye) 1910களில் லாப்ரடோரில் இனுயிற் மக்கள் கடுங்குளிரில் நொடிப்பொழுதில் மீனை உறையவைப்பதைக் கண்டார். தட்டுகளுக்கிடையே அழுத்தி உறையவைக்கும் பொறியை அவர் உருவாக்கினார். 1930 மார்ச் 6 அன்று மசாச்சுசெற்சின் ஸ்பிரிங்பீல்டில் அப்பொறியில் உறையவைத்த உணவு சில்லறை விற்பனைக்கு வந்தது. 1960களில் சுவீடனில் வளர்ந்த முறையில் −30 பாகைக்குக் கீழான காற்று அடியிலிருந்து வேகமாக ஊதுகிறது. பட்டாணி அந்தக் காற்றில் மிதந்தபடி, ஒன்றோடொன்று ஒட்டாமல், சில நிமிடங்களில் உறைகிறது. பொதியை அசைத்தால் மணிமணியாக உதிர்வது இதனால்தான். கட்டியாக இறுகிய பொதி இடையில் உருகி மீண்டும் உறைந்தது என்று கொள்ளலாம்.

5. பழங்களின் தனிவழி

பழத்துக்குப் பெரும்பாலும் வெந்நீர் காட்டுவதில்லை, காட்டினால் வெந்த சுவை வந்துவிடும். ஸ்ரோபரிக்குச் சீனியோ பாகோ, கறுக்கும் பழத்துக்கு அசுகோபிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ பயன்படுகிறது. ஊவாவில் நன்கு விளையும் அவகாடோ இதில் கடினமான பழம். அதன் நொதியம் விரைவாகக் கறுக்கவைக்கும், சூடு காட்டினாலோ கசப்பு ஏறும். ஆகவே புளிப்புச் சேர்த்த கூழாக உறையவைப்பதே ஏற்றது.

குளிரே தேவைப்படாத வழியும் இம்மலையில் உண்டு. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையில் கட்டிய அடிசம் மாளிகை இன்று புனித பெனடிக்ற் மடமாக இருக்கிறது. அங்கு விற்கப்படும் ஜேமும் ஜெலியும் சூட்டையும் சீனியையும் நம்பியவை. மின்சாரம் போனாலும் அவை கெடா. ஆனால் போஞ்சியையும் கரட்டையும் சீனியால் காக்க முடியாது.

6. மூன்றாம் படி: அறுபடாத குளிர்

உறைந்த மரக்கறி −18 பாகையிலோ அதற்குக் கீழோ களஞ்சியத்திலும் லொறியிலும் கடையிலும் தொடர்ந்து இருக்க வேண்டும். இதற்கான விலை பெரிது. 1 தொன் போஞ்சியில் ஏறத்தாழ 900 கிலோ நீர் உண்டு. அதைப் பனியாக்க மட்டும் சுமார் 300 மெகாயூல், அதாவது 83 கிலோவாற்று மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்டது. குளிர்க்களஞ்சியத்தில் முதலிடுபவர் இதை மறக்கமாட்டார். 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட 120 மெகாவாற்று உமா ஓயா மின்நிலையம் இதே மலைகளின் நீரில் ஓடுகிறது. அதன் சுரங்கப்பணியின்போது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. அந்த இழப்பைத் தாங்கிய ஊர்களுக்கு அந்த மின்சாரத்தின் பயனில் உரிமை உண்டு.

உறையவைப்புக்கு முந்திய கட்டமும் ஓட்டையானது. இறுகக் கட்டிய மூட்டையில் காய்கள் நசுங்கும், மலையை விட்டிறங்கிய லொறியில் சூடு ஏறும். 2011 இறுதியில் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசு முயன்றபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தனர். கூடை வாங்கும் செலவும் வெறுங்கூடையைத் திருப்பியனுப்பும் செலவும் யார் தலையில் என்ற கேள்விக்கு விடையில்லாமல் கட்டளை மட்டும் வந்தது. 2025 ஏப்ரலில் தம்புள்ளையில் இந்திய உதவியுடன் 5,000 தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் களஞ்சியம் திறந்துவைக்கப்பட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் ஊவாவின் போஞ்சி சூடான தாழ்நிலத்துக்கு இறங்கிய பிறகே அதை அடைய முடியும்.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. உறைகுளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவில் உறைந்த சோளத்தோடு தொடர்புபட்ட லிஸ்ரீரியா தொற்றில் 47 பேர் பாதிக்கப்பட்டனர், 9 பேர் இறந்தனர். பொதியில் எழுதியபடி சமைத்தே உண்ண வேண்டும்.

7. முடிவு

மேற்கண்ட மூன்று படிகளில் முதலாவதற்கு வேண்டிய சூடு, நேரம், தரம்பிரிப்பு ஆகியவற்றில் தேர்ந்த தொழிலாளர் தோட்டத்து லயங்களிலேயே இருக்கின்றனர். டிரையரின் வாயில் நின்று நிறத்தையும் மணத்தையும் கொண்டு நொதிப்பைக் கணிப்பவருக்குக் குவாயக்கோல் சோதனை புதிராகாது. இரண்டாவதைப் பொறியாக வாங்கலாம். மூன்றாவதை மட்டும் தனியொருவர் வாங்க இயலாது. அதற்கு மின்சாரமும் வீதியும் கூடையும் களஞ்சியமும் ஒரே சங்கிலியாக அமைய வேண்டும்.

ஆகவே வரிசை இவ்வாறு அமைவது பொருத்தம்: முதலில் கூடைகளைக் கூட்டுறவாக வாங்கிச் சுழற்றுதல், அடுத்து கெப்பட்டிபொலவில் முன்குளிரூட்டல், அதன்பின் விளைநிலத்துக்கு அருகிலேயே உறையவைப்பு. விலை விழுந்த வாரத்தில் வயலில் விடப்படும் கோவாவின் ஒரு பகுதியையாவது அது காப்பாற்றும். இந்த வரிசையைப் புரட்டி, பெரிய உறையவைப்புப் பொறியை முதலில் நிறுவினால் நசுங்கிய காயே அதற்குள் போகும், நசுங்கிய காயே வெளியே வரும்.