எழுத்தாளரான ஐயர்மார்

கொல்கத்தாவில் வாழும் தமிழர் ஹவுராவில் வண்டியேறினால் ஏறக்குறைய அரைமணிப் பொழுதில் சீராம்பூரை அடையலாம். ஹூக்ளி நதியின் மேல்கரையிலுள்ள அவ்வூர் ஒருகாலத்தில் டென்மார்க்கு அரசருக்கு உரியதாக இருந்தது. நம் தரங்கம்பாடியும் அதே கொடியின்கீழ் இருந்ததன்றோ? 1845-இல் இரண்டையும் ஒருங்கே ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனியர் கைகழுவினர். தங்கள் எல்லைக்குள் பாதிரிமார் வந்து தங்குவதைக் கம்பெனியார் விரும்பாத நாளில், சீராம்பூர் அவர்களுக்குப் புகலிடமாயிற்று.

போப்பையர் என்றும் கால்டுவெல் ஐயர் என்றும் நாம் மரியாதையுடன் சொல்லிப் பழகிய புராட்டஸ்டண்டுக் குருமார் தமிழுக்குச் செய்த பணியை நேயர்கள் அறிவார்கள். பிற மாநிலங்களில் அவ்வம்மொழியில் தொண்டாற்றிய ஐயர்மாரைப் பற்றி, அங்கேயே குடியிருக்கும் நாம் அவ்வளவாக அறிந்தோமில்லை. அவர்களுடைய நூல்களைப் புரட்டும்போது எனக்கு எழுந்த எண்ணம் ஒன்று: வேதசாஸ்திரக் கலாசாலை தந்த படிப்பைக் காட்டிலும், அங்கி தரிப்பதற்கு முன்பும் அதைச் சூழ்ந்தும் அவர்கள் செய்த தொழில்களே அவர்களுடைய எழுத்துக்கு உரமாயின.

வில்லியம் கேரியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1761-இல் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் பிறந்த இவர், இளமையில் பாதரட்சை தைக்கும் தொழிலுக்குப் பயிற்சியாளராக விடப்பட்டவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. தோலும் ஊசியுமாக இருந்த பட்டறையிலே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தாமே முயன்று கற்றார். பிழைப்புக்காகப் பள்ளிக்கூடமும் நடத்தினார். பின்னாளில் கவர்னர் ஜெனரல் அளித்த விருந்தொன்றில், இவர் செருப்புத் தைப்பவராக இருந்தவரா என்று ஒருவர் ஏளனமாக வினவ, தைப்பவர்கூட அல்லர், பழையதைச் செப்பனிடுபவரே என்று கேரி விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது.

1793-இல் வங்காளம் வந்தவர் உடனே நூலெழுத உட்காரவில்லை. கையில் காசில்லை. மால்டா வட்டாரத்து முத்னாபாட்டியில் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றுக்கு மேற்பார்வையாளராக 1794-இல் அமர்ந்தார். அங்கே ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று மாண்டான். மனைவி டாரதிக்குச் சித்தம் கலங்கியது. அவ்வம்மையார் 1807-இல் இறக்கும் வரை தெளியவில்லை. கேரியின் புகழ் பாடுவோர் பெரும்பாலும் அந்த அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது நியாயமன்று என்றே எனக்குப் படுகிறது.

ஆயினும் அவுரித் தொட்டியருகே கூலியாட்களோடு கழித்த அந்த ஆண்டுகள்தாம் அவருக்கு வங்கமொழியின் வாய்ப்பேச்சைக் கற்பித்தன. 1800-இல் சீராம்பூரில் குடியேறினார். மறு ஆண்டே வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி ஆசிரியராக நியமனம் பெற்று, 'கதோபகதன்' என்னும் உரையாடல் நூலை வெளியிட்டார். உழவரும் கூலிக்காரரும் பேசுவதும், பெண்கள் சச்சரவிடுவதும் அதில் அப்படியே வருகின்றன. பண்டிதர்களின் கை அதில் மிகுதியாக உண்டு என்பர் ஆராய்ச்சியாளர், இருக்கலாம். எனினும் அத்தகைய பேச்சு அச்சேறத் தகுந்தது என்று துணிந்தவர் அவரே.

கூட்டாளிகள் இருவரும் இத்தகையோரே. மார்ஷ்மன் நெசவாளர் குடியிற் பிறந்து பள்ளியாசிரியரானவர். வார்டு அச்சுத் தொழிலாளராகவும் பத்திரிகாசிரியராகவும் இருந்தவர். பஞ்சானன் கர்மகார் என்னும் கொல்லர் எழுத்துக்களை வெட்டித் தந்தார். 1812 மார்ச்சு 11-ஆம் நாள் அச்சகத்தில் தீப்பற்றியது. பல ஆண்டுகள் உழைத்து எழுதிய கையெழுத்துப் படிகளும் பல மொழி எழுத்துக்களும் அழிந்தன. அவற்றுள் நம் தமிழ் எழுத்தும் இருந்தது. சாம்பலில் உருகிக் கிடந்த உலோகத்தைத் திரட்டி மீண்டும் எழுத்து வார்த்தார்கள். தொழில் தெரிந்தவர்களாதலால் புலம்பி நிற்கவில்லை.

லால் பிஹாரி தே 1824-இல் வர்த்தமான் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். டப் பாதிரியாரின் பள்ளியிற் கற்று, 1843-இல் ஞானஸ்நானமும் 1855-இல் குருப்பட்டமும் பெற்றார். வெள்ளைக்காரக் குருமாருக்குள்ள உரிமை இந்நாட்டுக் குருமாருக்கும் வேண்டும் என்று வாதாடியவர். 1867-இல் அரசாங்கக் கல்வித்துறையிற் சேர்ந்து, பின்னர் ஹூக்ளிக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கினார். வங்காளக் குடியானவர் வாழ்க்கையைச் சித்திரிக்கும் சிறந்த கதைக்கு உத்தர்பாரா ஜமீன்தார் ஜயகிருஷ்ண முகர்ஜி அறிவித்த பரிசை இவர் எழுதிய 'கோவிந்த சாமந்தா' வென்றது. 1883-இல் வெளிவந்த 'வங்காள நாட்டுப்புறக் கதை'களோ முதிய அந்தணரும், நாவிதரும், வேலைக்காரரும் சொல்லக் கேட்டு எழுதியவை. சிறு வயதில் மாலைதோறும் ஒரு கிழவியிடம் கதை கேட்ட செவி அது.

மராத்தி நாட்டு நாராயண் வாமன் திலகரின் கதை வேறு. 1861-இல் இரத்தினகிரி மாவட்டத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த இவர், நாசிக்கில் வடமொழி கற்றார். பள்ளி இறுதித் தேர்வை முடிக்கவில்லை. ஆசிரியர், புராணப் பிரசங்கி, பத்திரிகாசிரியர் என்று ஊர் ஊராக அலைந்தார். 1893-இல் இரயில் வண்டியில் முன்பின் அறியாத ஓர் ஐரோப்பியர் கொடுத்த புதிய ஏற்பாடு அவரை மாற்றியது. 1895-இல் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவி இலட்சுமிபாய் பிறந்த வீட்டாரோடு தங்கிவிட்டார். ஆண்டுகள் சில இருவரும் பிரிந்தே வாழ்ந்தனர். 1900-இல் அவ்வம்மையாரும் கணவர் வழியை மேற்கொண்டார்.

அகமதுநகர் வேதசாஸ்திரக் கலாசாலையில் திலகர் மாணவராக அன்று, ஆசிரியராகவே இருந்தார். குருப்பட்டம் 1904-இல்தான் கிடைத்தது. ஆங்கில இராகத்தில் மொழிபெயர்த்த பாட்டுக்கள் ஒலித்த ஆலயங்களில் அபங்கமும் கீர்த்தனமும் புகுந்தது இவரால். துக்காராமே தம்மைக் கிறிஸ்துவிடம் கொண்டுசேர்த்த பாலம் என்பது அவருடைய கருத்து. ஓவி யாப்பில் 'கிறிஸ்தாயன்' என்னும் காவியத்தைத் தொடங்கினார். முடிக்குமுன் 1919-இல் காலமானார்.

மீதியைப் பாடி முடித்தவர் இலட்சுமிபாய். மணமான பிறகு கணவரிடம் எழுத்துக் கற்றவர் அவர். குருப்பட்டமும் இல்லை, கலாசாலைப் படிப்பும் இல்லை. அவர் 1930-களில் எழுதி வெளியிட்ட 'ஸ்மிருதி சித்திரே' என்னும் தன்வரலாற்றை, திலகரின் பாட்டுக்களை அறியாத மராத்தியரும் விரும்பிப் படிக்கின்றனர்.