தகுதியும் காலமும்: ஒருங்குறியில் தமிழ்

1991இல் வெளிவந்த ஒருங்குறி முதற்பதிப்பு, 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரமான இஸ்கியைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. இம்முறையில் ‘கி’ தனிக்குறியன்று. ‘க’வும் இகரத் துணைக்குறியும் இணைந்தது.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் கோரும் முன்மொழிவு பின்னரே எழுந்தது. அதற்குள் சூழல் மாறியிருந்தது. 1996இல் கொரிய எழுத்துகளை இடம்பெயர்த்ததன் இடரை உணர்ந்த ஒருங்குறிச் சேர்த்தியம், ஏற்ற குறிகளை இனி மாற்றுவதில்லை என உறுதிபூண்டது. பழையவற்றை நீக்காமல் புதியன சேர்த்தாலோ ஒரே சொல் இருவகையாகப் பதிவாகும், தேடல் பிழைக்கும். எனவே அம்முன்மொழிவு ஏற்கப்படவில்லை.

2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு, அனைத்தெழுத்துக் குறியேற்றமான டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. இணையத்தில் நிலைத்தது ஒருங்குறியே.

ஆக, முன்மொழிவின் தகுதியோடு அது முன்வைக்கப்படும் காலமும் தரக்குழுக்களின் முடிவைத் தீர்மானிக்கிறது எனலாம். தொடக்கத்தில் கலந்துகொள்ளாத மொழிச் சமூகம், பிறர் வகுத்த அமைப்புக்குள்ளேயே பின்னர் வாதிட நேர்கிறது.